வியாழக்கிழமை மழை புதன்கிழமைக் கணக்கில்: ஒரு வானிலை ஏஜென்ட்டின் கருவி விளக்கங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பல நாடுகளில் கட்டுமானப் பணியிடங்கள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், பணி அட்டவணையைத் திட்டமிட ஏஐ ஏஜென்ட் ஒன்றைப் பயன்படுத்துகிறது. பணியிடப் பொறுப்பாளர்கள் அதனிடம் கேட்பவை அன்றாடக் கேள்விகள்: நாளை கான்கிரீட் போடலாமா, வெளிச்சுவருக்கு வண்ணம் பூச இந்த வாரத்தில் எந்த நாள் ஏற்றது, கிரேனை இயக்கும் அளவுக்குக் காற்று அடங்கியிருக்குமா. ஏஜென்ட் வானிலைக் கருவிகளை, அதாவது வானிலைச் சேவைகளிலிருந்து தரவை எடுத்துத் தரும் சிறு நிரல்களை, அழைத்து, அவை தரும் எண்களைப் படித்துப் பதில் சொல்கிறது. அந்தப் பதில்களில் சில தொடர்ந்து தவறாகப் போனதால், பதிவுகளை ஆராயும் வேலை எங்களிடம் வந்தது.

எங்களிடம் முதலில் காட்டப்பட்ட உரையாடல் ஜப்பானின் ஒசாகா பணியிடத்தைப் பற்றியது. கேள்வி செவ்வாய்க்கிழமை கேட்கப்பட்டிருக்கிறது: “தளம் போட வேண்டும். புதன், வியாழன் இரண்டில் எந்த நாள் நல்லது?” ஏஜென்ட்டின் பதில்: “புதன்கிழமை 14 மி.மீ. மழை எதிர்பார்க்கப்படுகிறது. வியாழக்கிழமை மழை இல்லை. வியாழன் காலை தொடங்குங்கள்.” புதன்கிழமை பகல் முழுவதும் வானம் வறண்டிருந்தது. வியாழன் விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கிய மழை 8 மணி வரை நிற்கவில்லை. இறுகாத கான்கிரீட்டின் மேல் மழை விழுந்தால் மேற்பரப்பு கெட்டுவிடும். அன்றைய வேலை நின்றுபோனது.

இங்கே முன்னறிவிப்பு தவறவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. மழை எப்போது, எவ்வளவு என்பதைச் சேவை ஏறத்தாழ சரியாகவே கணித்திருந்தது. கருவி எந்தப் பிழைச் செய்தியும் தரவில்லை. ஏஜென்ட்டும் வந்த எண்ணை மாற்றிப் படிக்கவில்லை. ஆனால் கருவி கொடுத்த ‘நாள்’ கிரீன்விச் நேரப்படியான நாள். ஜப்பான் அதற்கு 9 மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆகவே கிரீன்விச் கணக்கில் ‘புதன்கிழமை’ என்பது ஒசாகாவில் புதன் காலை 9 மணிக்குத் தொடங்கி வியாழன் காலை 9 மணிக்கு முடிகிறது. வியாழன் விடியலில் பெய்யவிருந்த மழை முழுவதும் புதன்கிழமையின் கூட்டுத்தொகையில் போய் விழுந்துவிட்டது. நல்ல நாளைத் தள்ளி, கெட்ட நாளை ஏஜென்ட் பரிந்துரைத்தது.

அப்போது அந்தக் கருவிக்கு இருந்த விளக்கம் ஒரே வரி: “ஓர் இடத்துக்கான வானிலை முன்னறிவிப்பைப் பெறும்.” உள்ளீடுகள் மூன்று: அட்சரேகை, தீர்க்கரேகை, நாள்களின் எண்ணிக்கை. (எல்லா விளக்கங்களும் ஆங்கிலத்தில் இருந்தன; அவற்றை இங்கே தமிழில் தருகிறேன்.)

ஒரு நிரலாளர் இந்த ஒற்றை வரியைப் பார்த்தால் அதோடு நிற்க மாட்டார். சேவையின் ஆவணத்தைத் திறப்பார், ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார், நேரம் ஒத்துப்போகவில்லையே என்று சந்தேகப்பட்டு அருகில் இருப்பவரைக் கேட்பார். ஏஜென்ட்டுக்கு இவற்றில் எதுவும் இல்லை. கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஸ்கீமா (ஒவ்வொரு உள்ளீடும் எந்த வகை, என்ன வரம்பு என்ற வரையறை) ஆகிய மூன்றும்தான் ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாடலுக்குப் போய்ச் சேர்கின்றன. எந்தக் கருவியை அழைப்பது, எதை நிரப்புவது, வந்த எண்ணுக்கு என்ன பொருள் கொள்வது என எல்லா முடிவுகளையும் அந்தச் சில வரிகளை வைத்தே அது எடுக்கிறது. வரிகளில் இல்லாததை ஊகித்துக்கொள்கிறது. ஊகித்தது என்ற தடயம் பதிலில் தெரிவதில்லை. ஏஜென்ட்டுகளைக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் 2024 நவம்பரில் வெளியான பிறகு இதன் எடை இன்னும் கூடியிருக்கிறது. ஒருவர் எழுதும் கருவியை அவர் பார்த்தே இராத ஏஜென்ட்டுகள் எடுத்துப் பயன்படுத்துகின்றன. பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

நேரம்

ஒசாகா வழக்கைப் பார்த்ததும் குழுவில் முதலில் எழுந்த யோசனை, நேர மண்டலம் என்ற உள்ளீட்டைச் சேர்த்து, “இதைக் கட்டாயம் நிரப்பு” என்று விளக்கத்தில் எழுதிவிடலாம் என்பது. நாங்கள் அதை ஏற்கவில்லை. பணியிடத்தின் இருப்பிடம் தெரிந்தால் நேர மண்டலமும் தெரிந்துவிடும். அதை மாடலின் நினைவாற்றலை நம்பி விடுவது எதற்கு? ஓப்பன்-மீட்டியோ போன்ற வானிலைத் தரவுச் சேவையில், நேர மண்டலம் குறிப்பிடாவிட்டால் கிரீன்விச் நேரம்தான் வரும். ‘ஆட்டோ’ என்று அனுப்பினால் இருப்பிடத்தை வைத்து அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆகவே அந்த வேலையைக் கருவிக்குள்ளேயே முடித்துவிட்டு, விளக்கத்தில் முடிவை மட்டும் சொன்னோம்: “எல்லா நேரங்களும் அந்த இடத்தின் உள்ளூர் நேரம். ஒரு நாள் என்பது உள்ளூர் நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை.”

நேரத்தில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருந்தது. மணிவாரி அட்டவணையில் 15:00 என்ற வரியில் வெப்பநிலை 31, மழை 4 மி.மீ. என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை சரியாக 15:00 மணிக்கு உரியது. மழையோ 14:00 முதல் 15:00 வரை பெய்ததன் கூட்டு. ஓப்பன்-மீட்டியோவின் ஆவணம் இதைத் தெளிவாகவே சொல்கிறது, ஆனால் ஆவணம் ஏஜென்ட்டின் கண்ணில் படுவதில்லை. எனவே “பிற்பகல் 3 மணிக்கு மேல் மழை” என்று அது சொல்லிக்கொண்டிருந்தது; உண்மையில் அந்த மழை 3 மணிக்குள் பெய்து முடிந்துவிடும். வண்ணம் பூசும் குழுவுக்கு ஒரு மணி நேரம் பெரிய விஷயம்.

‘நாளை’ என்ற சொல்லும் தகராறு செய்தது. இன்று என்ன தேதி என்பது மாடலுக்குத் தானாகத் தெரியாது. ஏஜென்ட்டை இயக்கும் கணினியின் தேதியைக் கொடுத்தாலும், பணியிடத்தில் அதற்குள் மறுநாள் பிறந்திருக்கலாம். இதை விளக்கத்தால் சரிசெய்ய முடியாது. கருவியின் பதிலிலேயே “இந்த இடத்தில் இப்போது நேரம் இது” என்று ஒரு வரி சேர்த்தோம். குழப்பம் அதோடு தீர்ந்தது.

எந்தக் கருவி யாருடைய வேலைக்கு

ஏஜென்ட்டிடம் ‘வானிலை’, ‘முன்னறிவிப்பு’, ‘வரலாறு’, ‘எச்சரிக்கை’ என நான்கு கருவிகள் இருந்தன. முதல் கருவியின் விளக்கம் “வானிலைத் தகவலைப் பெறும்” என்று இருந்தது. நாளைய நிலவரத்தைக் கேட்பதும் வானிலைத் தகவலைக் கேட்பதுதானே? ஆகவே சில வேளைகளில் ஏஜென்ட் அதையே அழைத்து, இந்த நிமிடத்து நிலவரத்தை வாங்கி, நாளைய வானிலையாகச் சொல்லியிருக்கிறது. இதற்கு மாடலைக் குறை சொல்வது நியாயமில்லை. இரண்டு கருவிகளின் எல்லை எங்கே பிரிகிறது என்று யாரும் அதனிடம் சொல்லவே இல்லை.

பெயர்களை ‘தற்போதைய நிலவரம்’, ‘மணிவாரி முன்னறிவிப்பு’, ‘பழைய பதிவுகள்’, ‘அரசு எச்சரிக்கைகள்’ என்று மாற்றினோம். ஒவ்வொரு விளக்கத்திலும், எப்போது அழைக்கக் கூடாது என்பதையும், அப்போது எந்தக் கருவியை நாட வேண்டும் என்பதையும் எழுதினோம். என் அனுபவத்தில் கருவி விளக்கங்களில் மிக அதிகமாக விடுபடுவது இந்த ‘கூடாது’ வரிதான். கருவியை உருவாக்கியவர் அது என்னென்ன செய்யும் என்பதை ஆசையோடு பட்டியலிடுவார். தேர்வு செய்யும் இடத்தில் நிற்கும் ஏஜென்ட்டுக்கு வேண்டியது எல்லைக்கோடு.

முன்னறிவிப்புக் கருவியின் புதிய விளக்கம் இது:

“ஓர் இடத்துக்கு, இன்று முதல் அதிகபட்சம் 16 நாள் வரை மணிவாரி முன்னறிவிப்பைத் தரும். வரவிருக்கும் நேரத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பயன்படுத்து. இந்த நிமிடத்துக்கு ‘தற்போதைய நிலவரம்’, கடந்த நாள்களுக்கு ‘பழைய பதிவுகள்’. கேட்கப்படும் தேதி 16 நாளைத் தாண்டினால் அழைக்காதே. அந்தத் தேதிக்கு முன்னறிவிப்பு கிடையாது என்று பயனரிடம் சொல். எல்லா நேரங்களும் அந்த இடத்தின் உள்ளூர் நேரம். ஒரு நாள் என்பது உள்ளூர் நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை. மழை அளவு, குறிப்பிட்ட மணிக்கு முந்தைய ஒரு மணி நேரத்தின் கூட்டு: 15:00 வரியில் இருப்பது 14:00 முதல் 15:00 வரை பெய்யும் மழை. வெப்பநிலையும் காற்றும் அந்த மணிக்கு உரியவை. அரசு வானிலை எச்சரிக்கைகள் இதில் இல்லை.”

இதில் அலங்காரம் எதுவும் கிடையாது. ‘துல்லியமான’, ‘விரிவான’, ‘நம்பகமான’ போன்ற அடைமொழிகளை எடுத்துவிட்டோம். அவை தேர்வுக்கு உதவுவதில்லை. 1 முதல் 16 வரைதான் நாள்களின் எண்ணிக்கை இருக்கலாம் என்ற வரம்பு ஸ்கீமாவிலும் இருக்கிறது. கணினி சரிபார்க்கக்கூடியதை ஸ்கீமாவில் வைக்கலாம். பொருள் சொல்ல வேண்டியதற்கு உரைநடைதான் வேண்டும்.

இடம்

எகிப்தின் கெய்ரோ நகரம் 30.04 வடக்கு, 31.24 கிழக்கு. இந்த இரண்டு எண்களையும் இடம் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்: 31.24 வடக்கு, 30.04 கிழக்கு. மத்தியதரைக் கடற்கரையில் அலெக்சாந்திரியாவை ஒட்டிய பகுதி அது. பிழைச் செய்தி வராது. எகிப்தின் வானிலை என்று யாரும் நம்பிவிடக்கூடிய எண்களே வரும். ஒசாகாவின் எண்களை மாற்றினால் அட்சரேகை 135 என்று ஆகும். 90-க்கு மேல் அட்சரேகை கிடையாது என்பதால் கருவி மறுத்துவிடும், தவறு வெளியே தெரிந்துவிடும். கெய்ரோவில் அந்தப் பாதுகாப்பு இல்லை. புவியியல் தரவில் பெருவழக்காக உள்ள ஜியோஜேசன் வடிவம் தீர்க்கரேகையை முதலில் வைக்கிறது, வானிலைச் சேவைகள் பலவும் அட்சரேகையை முதலில் கேட்கின்றன. ஒரு கருவியின் வெளியீட்டை இன்னொரு கருவிக்கு எடுத்துச் செல்லும் ஏஜென்ட் நடுவில் தடுமாறுவதற்கு இதுவே போதும்.

பெயரால் கேட்டாலும் சிக்கல் உண்டு. லண்டன் கனடாவின் ஒன்டாரியோவிலும் இருக்கிறது, பர்மிங்காம் அமெரிக்காவின் அலபாமாவிலும் இருக்கிறது, ஹைதராபாத் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இருக்கிறது. ‘கேள்வி தெளிவாக இல்லாவிட்டால் பயனரிடம் கேள்’ என்று விளக்கத்தில் எழுதிப் பார்த்தபோது, ஏஜென்ட் சில நேரம் கேட்டது, சில நேரம் பெரிய நகரத்தைத் தானே எடுத்துக்கொண்டது. முடிவில் முன்னறிவிப்புக் கருவியிலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகை உள்ளீடுகளையே நீக்கிவிட்டு, ‘இட அடையாள எண்’ ஒன்றை மட்டும் வைத்தோம். அந்த எண்ணை இடம் தேடும் தனிக் கருவிதான் தரும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தால் நாடு, மாநிலத்தோடு எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் காட்டும். எண்களை இடம் மாற்றும் தவறுக்கு இப்போது வாய்ப்பே இல்லை.

ஒரு விளக்கத்தில் ‘முக்கியம்’, ‘மறக்காதே’, ‘எச்சரிக்கை’ என்று அடுக்கடுக்காக எழுத வேண்டிய நிலை வந்தால், பெரும்பாலும் கருவியின் வடிவமைப்பைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

அலகு, வாய்ப்பு

கிரேன் பற்றிய ஒரு பதிலில் ஏஜென்ட் இப்படிச் சொல்லியிருந்தது: “இப்போது காற்றின் வேகம் 9. மாலையில் 20 ஆக உயரும். கிரேன் வேலையைக் காலையிலேயே முடியுங்கள்.” தற்போதைய நிலவரம் ஒரு சேவையிலிருந்து விநாடிக்கு மீட்டர் கணக்கில் வந்திருக்கிறது. முன்னறிவிப்பு வேறொரு சேவையிலிருந்து மணிக்குக் கிலோமீட்டர் கணக்கில் வந்திருக்கிறது. விநாடிக்கு 9 மீட்டர் என்பது மணிக்கு 32 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காற்று உண்மையில் மாலையில் குறையப்போகிறது. காற்று வலுவாக இருந்த நேரத்திலேயே கிரேனை இயக்கச் சொல்லிய இந்தப் பதிலைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது.

அலகுகளில் சேவைகள் ஒத்துப்போவதில்லை. ஓப்பன்வெதர் சேவையில் எதுவும் குறிப்பிடாவிட்டால் வெப்பநிலை கெல்வினில் வரும். ஓப்பன்-மீட்டியோவில் செல்சியஸில் வரும். இதற்கு நாங்கள் கண்ட வழி, எல்லாவற்றையும் கருவிக்குள் ஒரே அலகுக்கு மாற்றிவிட்டு, வெளியீட்டின் புலப் பெயரிலேயே அலகை ஒட்டிவிடுவது: ‘காற்று_கிமீ_மணி’, ‘மழை_மிமீ’, ‘வெப்பநிலை_செல்சியஸ்’. விளக்கம் உரையாடலின் தொடக்கத்தில் இருக்கிறது. எண் பல பக்கங்கள் தள்ளி வருகிறது. எண்ணோடு அலகும் சேர்ந்தே வந்தால் ஊகத்துக்கு இடமில்லை.

மழை வாய்ப்பு என்பது மனிதர்களே தவறாகப் புரிந்துகொள்ளும் எண். ‘40 சதவீதம்’ என்பதை ஏஜென்ட் ஒருமுறை “நாளின் 40 சதவீத நேரம் மழை” என்றும், இன்னொருமுறை “லேசான மழை” என்றும் விளக்கியது. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் வரையறையில், குறிப்பிட்ட கால அளவில் முன்னறிவிப்புப் பகுதியின் ஒரு புள்ளியில் குறைந்தது 0.01 அங்குலம், அதாவது ஏறத்தாழ கால் மில்லிமீட்டர், மழை விழுவதற்கான வாய்ப்பே அது. ஓப்பன்-மீட்டியோ 0.1 மி.மீ. என்ற எல்லையை வைத்துக்கொண்டு முந்தைய ஒரு மணி நேரத்துக்குச் சொல்கிறது. ஆகவே எந்த எல்லை, எந்தக் கால அளவு என்ற இரண்டையும் விளக்கத்தில் எழுதி, “இது மழையின் அளவையோ நீளத்தையோ குறிக்காது” என்றும் சேர்த்தோம். விளக்கம் மட்டுமே நேரடியாகக் குணப்படுத்திய தவறுகளில் இது முதன்மையானது.

வெறும் பட்டியலின் ஆபத்து

எச்சரிக்கைக் கருவியைப் பற்றிக் குழுவுக்குப் புகார் எதுவும் வந்திருக்கவில்லை. எனக்கு மிகுந்த கவலை தந்தது அதுதான். எச்சரிக்கை இல்லாதபோது அது எதுவும் இல்லாத வெறும் பட்டியலைத் தந்தது. ஏஜென்ட் “எந்த எச்சரிக்கையும் இல்லை” என்று சொன்னது. ஆனால் அதற்குத் தரவு வழங்கிய சேவை சில நாடுகளை மட்டுமே உள்ளடக்கியது. எல்லைக்கு வெளியே உள்ள பணியிடத்துக்குக் கேட்டாலும் அதே வெறும் பட்டியல்தான் வந்தது. புயல் நெருங்கிக்கொண்டிருக்கும் ஊருக்கும் ஏஜென்ட் அதே நிம்மதியான பதிலைத் தந்திருக்கும்.

இப்போது அந்தக் கருவி மூன்று நிலைகளைத் தனித்தனியாகச் சொல்கிறது: எச்சரிக்கைகள் உள்ளன; இந்தப் பகுதி சேவைக்குள் இருக்கிறது, ஆனால் எச்சரிக்கை எதுவும் நடப்பில் இல்லை; இந்தப் பகுதிக்குத் தகவல் இல்லை. மூன்றாவது நிலைக்கு விளக்கத்தில் இருக்கும் வரி: “தகவல் இல்லை என்பதை ஆபத்து இல்லை என்று சொல்லாதே. அந்த நாட்டின் அதிகாரபூர்வ வானிலை நிறுவனத்தைப் பார்க்கும்படி பயனரிடம் சொல்.” பிழைச் செய்திகளையும் இதே போல மாற்றி எழுதினோம். ‘400’ என்ற பிழைக் குறியீட்டு எண் மட்டும் வந்தால் ஏஜென்ட் அதே அழைப்பைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. “நாள்களின் எண்ணிக்கை 16-க்குள் இருக்க வேண்டும், கேட்கப்பட்டது 45” என்று வந்தால் உடனே திருத்திக்கொள்கிறது.

விளக்கத்தால் முடியாதது

நீண்ட காலக் கேள்விகளில் விளக்கம் பாதி வேலையைத்தான் செய்தது. முன்பு, ஆறு வாரம் தள்ளி ஒரு தேதியைக் கேட்டால், ஏஜென்ட் பதினாறாம் நாளின் எண்ணை எடுத்து அந்தத் தேதிக்குப் பதிலாகச் சொல்லிவிடும். புதிய விளக்கத்துக்குப் பிறகு அது நின்றது. அமெரிக்காவின் உலகளாவிய கணிப்பு மாதிரியான ஜிஎஃப்எஸ் ஒரு நாளில் நான்கு முறை, 16 நாள் வரை கணக்கிடுகிறது; நாள்வாரியாகக் கணிப்பது ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு மேல் பொருளற்றது என்பதை வானிலையியலாளர் எட்வர்ட் லோரென்ஸ் 1960களிலேயே காட்டியிருக்கிறார். ஆனால் 16 நாளுக்குள்ளேயும் நாளைய எண்ணும் பதினான்காம் நாளின் எண்ணும் ஒரே தரத்தவை அல்ல. “ஒரு வாரத்துக்குப் பிறகு நம்பகம் குறையும்” என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்ததும், ஏஜென்ட் அந்த வாக்கியத்தை நாளைய பதில் உட்பட எல்லாப் பதில்களின் கடைசியிலும் ஒட்டத் தொடங்கியது. படிப்பவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனார்கள்.

அந்த வரியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, தொகுப்புக் கணிப்பிலிருந்து வீச்சைக் கருவி தரும்படி செய்தோம். ஐரோப்பிய நடுத்தரக் கால முன்னறிவிப்பு மையம் சற்றே வேறுபட்ட தொடக்க நிலைகளோடு 51 கணிப்புகளை ஓட்டுகிறது. அவை ஒன்றோடொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதே நம்பகத்தின் அளவு. நாளைக்கு “2 முதல் 4 மி.மீ.” என்றும், பன்னிரண்டாம் நாளுக்கு “0 முதல் 25 மி.மீ.” என்றும் எண்கள் வரும்போது, ஏஜென்ட்டுக்கு அறிவுரை தேவைப்படவில்லை. அதன் சொற்கள் தாமாகவே மாறின.

இவை அனைத்தையும் சோதித்த முறையையும் சொல்ல வேண்டும். உண்மையான பதிவுகளிலிருந்து கேள்விகளை எடுத்தோம். கருவியே தேவைப்படாத கேள்விகளையும் வேண்டுமென்றே கலந்தோம். எதற்கெடுத்தாலும் கருவியை அழைப்பதும் விளக்கத்தின் கோளாறுதான். ஒரு நேரத்தில் ஒரு விளக்கத்தை மட்டும் மாற்றி, ஒவ்வொரு கேள்வியையும் பலமுறை ஓட்டினோம், ஏனெனில் மாடல் ஒருமுறை சரியாகச் சொன்னதை அடுத்த முறை மாற்றிச் சொல்லும். மதிப்பெண்ணைவிட உரையாடலை வரிவரியாகப் படித்ததுதான் அதிகம் கற்றுத்தந்தது. விளக்கத்தில் உதாரணமாக ஒரு தேதியை எழுதி வைத்திருந்தால், பயனர் தேதி சொல்லாதபோது ஏஜென்ட் அதே தேதியை நிரப்பிவிடுவதும் அப்படிப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. இப்போது உதாரண மதிப்பு எங்கும் இல்லை; “ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை” என்று மட்டும் இருக்கிறது.

ஒரு தவறு இன்னும் முழுதாகப் போகவில்லை. “காலை 8 முதல் மாலை 4 வரை மழை வர எவ்வளவு வாய்ப்பு?” என்று கேட்டால், ஏஜென்ட் எட்டு மணிவாரி வாய்ப்புகளை எடுத்துச் சராசரி காண்கிறது, சில நேரம் பெருக்குகிறது. ஒவ்வொரு மணிக்கும் 30 சதவீதம் என்றால், மணிகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டு கணக்கிட்டால் 94 சதவீதம் வரும். எல்லா மணிகளுக்கும் ஒரே மழைமேகம்தான் காரணம் என்றால் 30 சதவீதம்தான். மணிவாரி எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இதில் எது உண்மைக்கு அருகில் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘சராசரி எடுக்காதே’ என்று ஏஜென்ட்டைத் தடுத்தாலும் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது. ஆகவே தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் வாங்கிக்கொண்டு, தொகுப்பில் எத்தனை கணிப்புகள் அந்த இடைவெளிக்குள் மழையைக் காட்டுகின்றன என்று எண்ணிச் சொல்லும் தனிக் கருவி ஒன்று இப்போது உருவாகிறது. அதன் விளக்கத்தின் முதல் வரி எழுதியாகிவிட்டது: “ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் மழை வாய்ப்பைக் கேட்டால் இதை அழை, மணிவாரி வாய்ப்புகளைக் கூட்டவோ, பெருக்கவோ, சராசரி எடுக்கவோ வேண்டாம்.”